கம்பெனி ஃப்ரிட்ஜில் எழுபது சுருள் மல்லிகை

என் கடையில் எனக்குச் சொந்தமில்லாத ஒரே பொருள், வாசலை ஒட்டி நிற்கிற அந்தக் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ்தான். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருவுக்குள் திரும்புகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். நெற்றியில் கூல்டிரிங்க்ஸ் படம், உள்ளே அணையாத விளக்கு, ஐந்து தட்டு. எனக்குச் சரக்கு போடுகிற ஹோல்சேல் கம்பெனி கொடுத்தது. சோப்பு, பிஸ்கட், எண்ணெய், ஷாம்பு பாக்கெட் எல்லாம் அவர்களிடம்தான் எடுக்கிறேன். கூல்டிரிங்க்ஸும் எடுத்தால் ஃப்ரிட்ஜ் இலவசம் என்றார்கள். இலவசம் என்று யாராவது சொன்னால் நான் சாதாரணமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிற ஆள். அன்றைக்கு என்னவோ நீட்டிவிட்டேன்.

நிபந்தனை ஒன்றுதான். அந்த ஃப்ரிட்ஜுக்குள் அவர்கள் பாட்டில் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. சரி என்று கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலமே மூன்றாவது தட்டில் தயிர் பாக்கெட் ஏறியது. மறுநாள் பால். அப்புறம் எதிர்வீட்டு டீச்சரம்மாவின் தோசை மாவு. டிசம்பர் வந்ததும், சர்ச்சுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேக்குக்கு வாங்கிய வெண்ணெய். வேண்டாம் என்று ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. தெருவில் எனக்கு வாய் நீளம் என்று பெயர். எங்கே நீள வேண்டுமோ அங்கே மட்டும் நீளாது.

கம்பெனியிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு சேல்ஸ்மேன் ஹெப்பகோடியிலிருந்து பைக்கில் வருவார். நல்ல பையன் என்று சொல்ல மாட்டேன், நாற்பது வயதாகிறது, நல்ல மனுஷன். ஆர்டர் எழுதிக்கொள்ளும்போது ஃப்ரிட்ஜுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். "நான் ஒண்ணியும் பாக்கலக்கா. பாத்தா எழுதணும். அதான் இப்படித் திரும்பிக்கினேன்" என்பார்.

அவரிடம் தப்பித்தாலும் ஆடிட்டில் தப்ப முடியாது. மாதம் ஒரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல், கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் வருவாள். கன்னடம் பேசுகிற பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஃப்ரிட்ஜைத் திறந்து ஃபோனில் ஒரு படம் எடுப்பாள். ஃபோனே பாட்டிலை எண்ணி, ஃபோனே மார்க் போட்டுவிடும். மூன்று தடவை மார்க் குறைந்தால் ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு இரண்டு தடவை குறைந்திருந்தது. அதில் முதல் தடவை நியாயம், மாவு டப்பா மாட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை அநியாயம். ஆடிட் வரும் என்று பயந்து பாலையும் தயிரையும் ஐஸ் பெட்டிக்கு மாற்றி, தட்டுத் தட்டாக அவர்கள் பாட்டிலையே அடுக்கி வைத்திருந்தேன். பின்வரிசை காலி என்று சொல்லி ஃபோன் ஃபெயிலாக்கியது.

விடுவேனா நான். கன்னடத்திலேயே பிடித்துக்கொண்டேன். உள்ளே வேறு பொருள் ஏதாவது இருக்கிறதா, நீயே பார்த்துச் சொல் என்றேன்.

"நான் பாக்கறது கணக்கில்ல ஆன்ட்டி. ஃபோன் பாக்கறதுதான் கணக்கு. நான் மார்க் மாத்தறதுக்கு இதுல எடமே இல்ல" என்றாள்.

"உனக்கு ரெண்டு கண்ணு, எனக்கு ரெண்டு கண்ணு. நாலு கண்ணு பாத்தது கணக்கில்ல, அந்த ஒத்தக் கண்ணு பாத்தது கணக்கா?"

அவள் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பாவம், அவளுக்கும் மேலே யாரோ ஒருத்தர் இருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. திட்டின பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. என் வழக்கமே அப்படித்தான்.

ஒரு ஃப்ரிட்ஜுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் கடை வைத்துப் பார்த்ததில்லை என்று அர்த்தம். காலையில் குளிர்ந்த பாலுக்காக வருகிறவள்தான் கூடவே ரவை, பச்சைப் பட்டாணி, பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி என்று வாங்குவாள். இன்றைக்குப் பால் இல்லை என்றால் நாளைக்கு அவள் மெயின் ரோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவாள். இல்லையென்றால் ஃபோனை அழுத்துவாள், பத்து நிமிஷத்தில் வாசலில் பை வந்து இறங்கும். அந்த ஃப்ரிட்ஜ் போனால் என் கடையில் பாதி போச்சு.

இதெல்லாம் தெரிந்தேதான் பூக்காரிக்கு இடம் கொடுத்தேன். என் கடைப் படிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் கூடை வைத்து உட்கார்ந்திருப்பவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். சாயங்காலம் விற்காத பூவை ஈரத்துணியில் சுற்றி, "அக்கா, ஒரு ஓரமா வெச்சிக்கட்டா?" என்று ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்பாள். ஆறு வருஷமாகக் கேட்கிறாள். "வெக்காம தலையிலயா சுத்திக்கப் போற?" என்று ஆறு வருஷமாக நானும் திட்டுகிறேன். அவள் சிரித்துக்கொண்டே கடைசித் தட்டில் வைத்துவிட்டுப் போவாள்.

இந்த வருஷம் வரமகாலட்சுமி பண்டிகைக்கு அவளுக்கு ஒரு யோகம் அடித்தது. அவள் தங்கை வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மென்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். அங்கே பண்டிகைக்கு வழக்கமாகப் பூ கொடுக்கிறவர் போன தடவை வாடின பூவைத் தலையில் கட்டிவிட்டாராம். தங்கை தைரியமாக வாயைத் திறந்து, "எங்க அக்கா கட்டுவா" என்று சொல்லியிருக்கிறாள். எழுபது வீடு. வீட்டுக்கு ஒரு சுருள்: மல்லிகை இரண்டு முழம், நடுவில் கொஞ்சம் கனகாம்பரம், வாழை இலையில் சுற்றி நாரால் கட்டித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். பூ நன்றாக இருந்தால் இனி எல்லாப் பண்டிகைக்கும் இவளிடம்தான், வாடியிருந்தால் தங்கைக்கும் பேச்சு விழும்.

பண்டிகை நெருங்க நெருங்க மார்க்கெட்டில் மல்லிகை விலை எகிறும் என்பது பெங்களூரில் குழந்தைக்கும் தெரியும். அதனால் அவள் இரண்டு நாள் முந்தியே மொட்டாக வாங்கிவிட்டாள். கையிலிருந்ததை முழுக்கப் போட்டு வாங்கினாள். புதன்கிழமை முழுக்க என் கடைப் படியிலேயே உட்கார்ந்து கட்டினாள். எழுபது சுருள். விரல் நார் நாராகப் பிய்ந்திருந்தது. சாயங்காலம் வழக்கம்போல் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு ஓரம் பத்தாது போல இருக்கே."

"ஓரமா? எழுபதுக்கு ஓரமா? மொத்த ஃப்ரிட்ஜையும் கேளு, வாய் வலிக்குதா?"

அவளுக்கு வாய் வலித்தது. நானே பாட்டில்களை இறக்கி பிளாஸ்டிக் கிரேட்டில் போட்டு, சுருள்களை ஐந்து தட்டிலும் படுக்கவைத்தேன். போன மாதக் கடைசியில்தான் ஆடிட் முடிந்தது, இவ்வளவு சீக்கிரம் வராது என்பது என் நினைப்பு.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு சேல்ஸ்மேன் ஃபோன் செய்தார். குரலே சரியில்லை.

"அக்கா, ஆடிட் மேடம் உங்க ஏரியாவுலதான் கீறாங்க. இந்த வாட்டி கையோட டெம்போவும் வந்துகீது. பக்கத்துத் தெரு அண்ணன் கடை ஃப்ரிட்ஜ இப்பதான் ஏத்தினாங்க. அடுத்தது நீங்க. அரை மணி நேரம்கூட இல்ல."

பக்கத்துத் தெரு அண்ணனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போட்டிக் கடைக்காரர் என்றால் அப்படித்தான்.  ஃபோனை வைத்தேன். பூக்காரியைப் பார்த்தேன். நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன்.

"எல்லாத்தையும் வெளிய எடு. ஆடிட் வருது. என் ஃப்ரிட்ஜ் போயிடும்" என்றேன்.

அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து வந்து கதவைத் திறந்து நாலு சுருளை எடுத்தாள். எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தாள். படியில் வெயில் சுள்ளென்று அடித்தது. கூடையில் ஏற்கனவே அன்றைய பூ. நாலையும் முந்தானையில் போட்டு மூடிக்கொண்டு, அடுத்த நாலை எடுக்கக் கையை நீட்டினாள். இந்த வெயிலில் சாயங்காலத்துக்குள் மொட்டெல்லாம் விரிந்துவிடும், நாளைக் காலையில் எழுபது வீட்டிலும் பழுப்புப் பூதான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது.

"வை உள்ள" என்றேன்.

"இல்லக்கா, உனக்கு எதுக்கு..."

"வைன்னா வை. ஃப்ரிட்ஜ் போனா போவட்டும். ஐஸ் பெட்டி வெச்சிப் பால் வித்துக்கறேன். எடுத்ததையும் சேத்து வை."

வைக்கிறதுதான் வைக்கிறோம், கொஞ்சம் ஒளித்து வைக்கலாமே என்று அப்புறம்தான் புத்தி வந்தது. கிரேட்டிலிருந்து பாட்டில்களை எடுத்து ஒவ்வொரு தட்டிலும் முன்னால் ஒரு வரிசை நிறுத்தினேன். அதற்குப் பின்னால் பூக்காரி சுருள்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி நிறுத்தினாள். பாட்டில் உயரம்தான் சுருளும் இருந்தது. படுக்கையாக இருந்தபோது அடைத்துக்கொண்டு நின்ற பூ, நிமிர்த்தி வைத்ததும் வரிசை வரிசையாகப் பின்சுவர்வரை கச்சிதமாக உட்கார்ந்தது. கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். டெம்போ முதலில் வந்தது. அதன்மேல் பக்கத்துத் தெரு அண்ணனின் ஃப்ரிட்ஜ் கயிற்றால் கட்டுண்டு நின்றது. அதற்குப் பின்னால் ஸ்கூட்டியில் அந்தப் பெண்.

அவள் என்னிடம் தலையாட்டிவிட்டு நேராக ஃப்ரிட்ஜுக்குப் போய்க் கதவைத் திறந்தாள். எழுபது சுருள் மல்லிகை. ஒரு ராத்திரி முழுக்கக் குளிரில் அடைபட்ட வாசனை மொத்தமும் அவள் முகத்தில்தான் விழுந்தது. டெம்போக்காரர்கூட வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இது ஹூவா?" என்றாள், பூவா என்று.

"ஹௌது, ஹூவு" என்று ஆமாம் போட்டேன். பொய் சொல்ல நேரமில்லை. சொன்னாலும் அந்த வாசனைக்கு முன்னால் எடுபடாது.

அவள் பூக்காரியைப் பார்த்தாள். பூக்காரி முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு, யார் வீட்டிலோ திருடி மாட்டிக்கொண்டவள் போல நின்றாள். நான்தான் மளமளவென்று கன்னடத்தில் கொட்டினேன்: நாளைக்குப் பண்டிகை, எழுபது வீடு, தங்கச்சி வேலை, இதை எடுத்தால் பூ போச்சு, ஃப்ரிட்ஜை எடுக்கத்தான் வேண்டும் என்றால் நாளைக்கு வந்து எடுத்துக்கொள், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் விடு. நான் யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை. எனக்காகக் கேட்டிருந்தால் வந்திருக்காது.

"ஃபோட்டோ எடுக்காம போக முடியாது ஆன்ட்டி. நான் வந்தது ஃபோனுக்குத் தெரியும்" என்றாள் அவள், மெதுவாக. எடுத்தாள்.

ஃபோன் கொஞ்ச நேரம் சுற்றியது. பச்சையாக ஏதோ வந்தது. அவள் ஃபோனைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். ஃபோன் லென்ஸைத் துடைத்துவிட்டு இன்னொரு படம் எடுத்தாள். மறுபடியும் பச்சை. பிறகு ஃபோனை என் பக்கம் திருப்பினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

கீழே கணக்கும் போட்டிருந்தது. முன்வரிசைப் பாட்டிலையெல்லாம் சரியாக எண்ணிவிட்டு, வாழை இலைச் சுருள் ஒவ்வொன்றையும் பச்சை நிற லெமன் பாட்டில் என்று எண்ணியிருந்தது ஃபோன். கம்பெனி அந்த மாதம் லெமன் பாட்டிலைத்தான் தள்ளு தள்ளு என்று தள்ளிக்கொண்டிருந்தது. ஏரியாவிலேயே இத்தனை லெமன் வைத்த கடை வேறு கிடையாதாம்.

போன மாதம் என் பாட்டிலையே பாட்டிலாக மதிக்காத யந்திரம், இன்றைக்குப் பூவைப் பாட்டில் என்கிறது. எனக்குச் சிரிப்பதா ரோஷப்படுவதா தெரியவில்லை. சும்மா இருந்திருக்கலாம். வாய் இருந்தால்தானே.

"மேடம், அது தப்பு. அது பூ. மாத்திப் போடும்மா" என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி. மூக்கு இருக்கே எனக்கு." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "ஆனா மார்க் கூட்டவும் எடமில்ல, குறைக்கவும் எடமில்ல. நான் ஏனு மாடோது?"

என்ன செய்வது என்று அவள் கேட்ட விதத்தில் பூக்காரிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. அப்புறம் அந்தப் பெண். அப்புறம் நான். மூன்று பேரும் திறந்த ஃப்ரிட்ஜுக்கு முன்னால் கண்ணில் தண்ணி வரச் சிரித்தோம். டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். இங்கே ஏற்ற ஒன்றும் இல்லை, கிளம்பு என்று அவள் கையைக் காட்டினாள். போகும்போது கூடையிலிருந்து ஒரு முழம் வாங்கி, எங்கள் கண்ணாடிக் கதவிலேயே பார்த்துத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை இருட்டு பிரியும்போதே பூக்காரி இரண்டு பெரிய பையோடு அல்சூர் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போனாள். முதல் ரயில். அவள் திரும்பி வருகிறவரை நான் இரண்டு பேருக்குச் சில்லறை தப்பாகக் கொடுத்தேன், ஒருத்தருக்கு உளுந்துக்குப் பதில் பயத்தம்பருப்பு போட்டேன். ஒன்பதரைக்குத் தெருமுனையில் காலிப் பைகளை ஆட்டிக்கொண்டு வந்தாள். அந்த ஆட்டத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"எழுபதும் போச்சுக்கா. ஒண்ணுகூட வாடல. ஒரு அம்மா முகர்ந்து பாத்துட்டு, இன்னிக்குக் காலைலதான் கட்டினதான்னு கேட்டாங்க. நான் இல்லன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல."

கணேசா பண்டிகைக்கும் சொல்லிவிட்டார்களாம். அது போக வெள்ளிக்கிழமைதோறும் முப்பது வீட்டுக்கு.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. அடுத்த செவ்வாய்க்கிழமை கம்பெனி தன் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் போட்டது. என் ஃப்ரிட்ஜ். கதவு திறந்து, முன்னால் பாட்டில், பின்னால் பச்சைப் பசேலென்று பூக்காரியின் சுருள்கள். கீழே, 'எல்லாக் கடையிலும் இப்படி அடுக்கவும்' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். அதில் ஒருத்தருக்காவது வாழை இலை எது, பாட்டில் எது என்று தெரியாமல் இருக்குமா? அத்தனை பேரும் கட்டைவிரலைத் தூக்கிப் போட்டார்கள். சேல்ஸ்மேன் என் கடைக்கு வந்து, வழக்கப்படி ஃப்ரிட்ஜுக்கு முதுகைக் காட்டி நின்று, தோள் குலுங்கக் குலுங்க ஆர்டர் எழுதினார்.

மறுநாள் பக்கத்துத் தெரு அண்ணன் வந்தார். வருஷக் கணக்கில் என் வாசலை மிதிக்காத மனுஷன். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகப் பூக்காரி ஸ்டூலுக்கு முன்னால் போய், செருப்பால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, ஃப்ரிட்ஜ் திருப்பித் தர்றேன்றாங்க. முதல் ஆடிட்ல மார்க் வாங்கணுமாம். உன்கிட்ட ஒரு இருபது சுருள் கிடைக்குமா? விக்கறதுக்கு இல்ல. சும்மா வெச்சிக்க."

அவருக்கு மார்க் விழுந்தது. அதற்கப்புறம் மெயின் ரோட்டு முனைக் கடை, ஸ்கூல் பக்கத்துக் கடை. இப்போது எங்கள் ஏரியாவில் நாலு கம்பெனி ஃப்ரிட்ஜில் பூக்காரிக்கு இடம். ஒரு ஓரத்துக்காகக் குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தவள், இன்றைக்குக் கடை கடையாகப் போய்க் கதவைத் திறந்து பார்த்துக் கண்டிஷன் போடுகிறாள். "இந்தத் தட்டுல மீன் கவர் கூடாது. மாவு கூடாது. என் பூவுல வாசனை ஏறும். இருந்தா எடுத்துக்கினு போயிடுவேன்." கம்பெனிகூட இத்தனை கெடுபிடி செய்ததில்லை. கடைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் மீனை வெளியே எடுக்கிறார்கள்.

போன வாரம் சேல்ஸ்மேன் ஃபோன் செய்து, எங்கள் தெருவுக்கு ஆடிட் வருகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னார். பூக்காரி சீசனில் ரொம்பப் பிஸி. இருக்கிற சுருளையெல்லாம் எங்கெங்கோ வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறாள். வெளியே எடு என்று ஒரு நாள் வாய் கூசாமல் சொன்னவள் நான். எந்த முகத்தோடு கேட்பது என்று பாதி நாள் ஓட்டினேன். கடைசியில் அவள் நார் கிழித்துக்கொண்டிருந்தபோது, வேறெதையோ பார்த்துக்கொண்டு, "நாளைக்கு ஒரு பத்துச் சுருள் எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதோ புரியாத பாஷையில் பேசிவிட்ட மாதிரி பார்த்தாள்.

"அவங்களுக்கெல்லாம் ஆடிட் அன்னிக்கு மட்டும்தான்க்கா குடுக்கறேன். ராத்திரிக்குப் பூ எல்லாம் உன்கிட்டதான வந்து தூங்குது. உன்கிட்டப் போய்க் கணக்குப் பாப்பேனா? போவட்டும் ஃப்ரிட்ஜுன்னு சொன்னவ நீ ஒருத்திதான்."

எழுந்து போய், நாளைய சுருள் அத்தனையையும் என் ஃப்ரிட்ஜிலேயே அடுக்க ஆரம்பித்தாள். நான் காலித் தராசை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். வாடிக்கைக்காரர் ஒருத்தர் வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"சரி சரி, பேசினது போதும், கதவைச் சாத்துடி, குளிரெல்லாம் போவுது" என்று கத்தினேன்.